ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாதாம். அதை எனக்குப் படித்துக் காட்டுவது யார்?

வெண்கோல் (தஞ்சாவூர்):

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதங்களாக எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை இன்று எழுதிவிடுகிறேன். நான் பிறவியிலேயே பார்வையற்றவன். பதினெட்டு ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். விடைத்தாள் திருத்தும்போது ஒருவர் வாசித்துக் காட்டுவார் என்பதைத் தவிர அன்றாட வேலைகளுக்கு நான் பிறரை எதிர்பார்ப்பதில்லை. பேருந்து ஏறுவேன், காய்கறி வாங்குவேன், கைபேசியில் செய்தித்தாள் கேட்பேன். பண விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

கடந்த பங்குனியில் என் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. கேஒய்சி என்னும் வாடிக்கையாளர் அடையாள விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்றது. மோசடிச் செய்தியாக இருக்குமோ என்று கிளைக்கே நேரில் போய்க் கேட்டேன், உண்மைதான் என்றார்கள். "செயலியிலேயே செய்துகொள்ளலாம் சார், இரண்டு நிமிட வேலை" என்றும் சொன்னார்கள். அந்த இரண்டு நிமிட வேலைக்கு வீட்டில் உட்கார்ந்து ஒன்றேகால் மணி நேரம் செலவழித்தேன். எந்தப் பொத்தானைத் தொட்டாலும், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் "பெயரிடப்படாத பொத்தான்" என்றே சொன்னது. தட்டுத்தடுமாறி முகத்தைப் படம் பிடிக்கும் கட்டம் வரை வந்துவிட்டேன். அங்கே ஒரு வட்டம் இருக்கிறதாம், அதற்குள் முகத்தை வைத்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டுமாம். வட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கைபேசி சொல்லவில்லை. என் இமைகளோ முழுதாக மூடித் திறப்பதில்லை. ஏழு முறை முயன்றேன், எட்டாவது முறைக்கு அதுவே பூட்டிக்கொண்டது.

மறுநாள் மீண்டும் கிளைக்குப் போனேன். மாதத் தொடக்கம், நல்ல கூட்டம். பக்கத்துத் தெருக் கணினிக் கடையில் செய்து தருவார்கள் என்று அனுப்பிவைத்தார்கள். அந்தக் கடைப் பையனை எனக்கு மூன்றாண்டுகளாகத் தெரியும். கைபேசியைக் கொடுத்தேன். ஓடிபி வந்தது, அவனே வாசித்தான், அவனே போட்டான். ரகசிய எண்ணையும் மாற்றச் சொல்கிறது என்றான்; புது எண்ணை நான்தான் வாய்விட்டுச் சொன்னேன். கடையில் வேறு நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒன்பது நாள் கழித்து மூன்று தவணையாக 38,400 ரூபாய் போயிருந்தது. வருகிற குறுஞ்செய்திகளை வேறோர் எண்ணுக்குத் தள்ளிவிடும் செயலி ஒன்று என் கைபேசியில் உட்கார்ந்திருந்ததைப் பிறகு என் பழைய மாணவர் ஒருவர் கண்டுபிடித்தார். அதை வைத்தது யார் என்பது விசாரணையில் இருப்பதால் அந்தப் பையனைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வங்கியின் பதில் ஒரே வரியில் வந்தது: வாடிக்கையாளர் தம் ரகசிய எண்ணைப் பிறரிடம் பகிர்ந்துள்ளதால் வங்கி பொறுப்பேற்க இயலாது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று தினமும் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறவர்களும், கடையில் கொடுத்துச் செய்துகொள் என்று என்னை அனுப்பியவர்களும் ஒரே கூரையின் கீழ்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தனியாகச் செய்ய முடியாத ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்று வைத்துவிட்டு, பிறர் உதவியோடு செய்ததைக் குற்றம் என்றால் எப்படி? உங்களில் எத்தனை பேருக்கு இப்படிக் கைபேசியையோ அட்டையையோ பிறர் கையில் கொடுக்க நேர்ந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கூச்சப்படாமல் எழுதுங்கள்.

மூன்றுசக்கரம் (விருதுநகர்):

ஐயா, எனக்குக் கண் தெரியும், கையும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் என் ஏடிஎம் ரகசிய எண் எங்கள் தெருவில் குறைந்தது ஐந்து பேருக்குத் தெரியும். காரணம் மூன்று படிகள். வீட்டுக்கு அருகிலுள்ள ஏடிஎம் அறை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே போகிறவர் யாராயிருந்தாலும் அட்டையை நீட்டி எண்ணைச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் நல்லவர்களே வாய்த்தார்கள் என்பது என் அதிர்ஷ்டம்.

சாய்தளம் கேட்டு மனுக் கொடுத்ததில் போன ஆண்டு ஒன்று போட்டார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் கணக்கு; அதன்படி ஒன்றரை அடிக்கு 18 அடி வேண்டும். அவர்கள் போட்டது ஐந்து அடி. அதில் என் வண்டி ஏறாது, ஏறினாலும் பின்னால் குடைசாயும். இப்போது அந்தப் பகுதி மக்கள் அதில் இருசக்கர வண்டியை ஏற்றி நிறுத்துகிறார்கள். ஆய்வுக்கு வருகிறவருக்குச் சாய்தளம் உண்டு என்று எழுதிக்கொள்ள அது போதும்.

கவுண்டருக்குப் பின்னால்:

நான் வங்கி ஊழியர். எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. ஆசிரியர் ஐயாவுக்கு நேர்ந்தது வருந்தத்தக்கது. கடைக்கு அனுப்பியவர் செய்தது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மாதத் தொடக்கத்தில் ஓய்வூதியக் கூட்டம் நிற்கும் கிளையில் மூன்று பேர் வேலை பார்க்கும் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். ரகசிய எண்ணைப் பகிர்ந்தாலும் வங்கி ஈடு கொடுக்கும் என்று ஒரு விதி வந்துவிட்டால், அதைப் பயன்படுத்திப் பொய்ப் புகார் கொடுக்கிறவர்களும் கிளம்புவார்கள். நாங்கள் அப்படிப்பட்டவர்களையும் பார்க்கிறோம்.

இதைச் சொன்ன பிறகு, உங்களுக்கு வந்த ஒற்றை வரிப் பதில் முழு விதியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும் அவர் புகார் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்புதான் அவருடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. வாடிக்கையாளர்தான் காரணம் என்பதை நிரூபிக்கும் கடமையும் வங்கியைச் சேர்ந்தது. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் இடையில் வேறெங்கோ நடந்திருந்து, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பே கிடையாது. குறுஞ்செய்தித் திருட்டுச் செயலி இருந்ததற்கான சான்றை அவசியம் இணையுங்கள். கிளை உங்களைக் கடைக்கு அனுப்பியதையும் தேதியோடு எழுதுங்கள், அது முக்கியம். வங்கிக்குப் புகார் கொடுத்து முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இன்னொன்று. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளைச் செய்து தர வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. கேஒய்சி ஆவணங்களை வந்து பெற்றுக்கொள்வதும் அதில் அடக்கம். கிளையில் எழுத்துமூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே பதில் வரும்.

வெண்கோல் (தஞ்சாவூர்):

விதியை எடுத்துச் சொன்னதற்கு நன்றி. என் புகாரை அப்படியே திருத்தி எழுதுகிறேன்.

வீட்டுக்கே வருவது நடக்க இயலாதவர்களுக்குப் பெரிய உதவி. எனக்கு அதுவல்ல தேவை. நான் நடந்தே வங்கிக்கு வருகிறவன். எனக்கு வேண்டியது பொத்தானுக்குப் பெயர் எழுதப்பட்ட ஒரு செயலி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திரைவாசிப்பான் இயங்கத் தேவையான அணுகல்தன்மை அனுமதியைத் திருட்டுச் செயலிகள் தவறாகப் பயன்படுத்தித் திரையில் இருப்பதைப் படித்துவிடுகின்றன என்பதால், சில வங்கிச் செயலிகள் அந்த அனுமதி பெற்ற எதைக் கண்டாலும் திறக்க மறுக்கின்றன. ஆண்ட்ராய்டில் உடன் வரும் டாக்பேக்கை விட்டுவிட்டு வேறு திரைவாசிப்பான் பயன்படுத்தும் என் நண்பர்கள் பலருக்கு இது நடக்கிறது. அதாவது எங்கள் கண், அந்தச் செயலிக்குத் திருடன். பாதுகாப்புக்காகத் திறக்க மறுத்த செயலியைத் திறக்க, நாங்கள் திரைவாசிப்பானை அணைத்துவிட்டுக் கண் தெரிந்த ஒருவரிடம் கைபேசியைக் கொடுக்கிறோம்.

திரைவாசிப்பானை வைத்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பேருந்தில் ஓடிபி வந்தால் அது சத்தமாகப் படிக்கும். காதுக்கருவி இல்லாமல் பணச் செயலியைத் திறக்காதீர்கள். திரையை இருட்டாக்கிவிட்டே பயன்படுத்தும் வசதி டாக்பேக்கிலும் ஐபோனிலும் இருக்கிறது. நமக்குத் திரை எதற்கு?

கறுப்புக் கோட்டு:

வழக்கறிஞராக இருப்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண் சிமிட்டும் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ந்த ஒன்று. அமில வீச்சுக்கு ஆளாகிக் கண்களும் முகமும் சிதைந்தவர்கள், வங்கிக் கணக்கு திறக்கக் கண் சிமிட்ட முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டது குறித்து வழக்குத் தொடுத்தார்கள். பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கும் அதனோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. பிரக்யா பிரசூன் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது உறுப்பு காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி, இருபது கட்டளைகளையும் பிறப்பித்தது. உயிருள்ள மனிதர்தானா என்று சோதிக்கக் கண் சிமிட்டலைத் தவிர வேறு வழிகளும் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதைத் தொடர்ந்து ரிசர்வ் வங்கியும் 2025 ஆகஸ்டில் தன் கேஒய்சி நெறிமுறைகளைத் திருத்தி, இந்தச் சோதனை சிறப்புத் தேவை உள்ளவர்களை விலக்கிவைப்பதாக இருக்கக் கூடாது என்று சேர்த்தது. ஆகவே ஆசிரியர் ஐயாவின் புகாரில் 'என்னால் செய்ய முடியவில்லை' என்ற தொனி வேண்டாம். 'உங்கள் செயலி விதியை மீறியிருக்கிறது' என்று எழுதலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தையும் கையில் வைத்திருங்கள். தம் நிதி விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கும் உரிமை 13ஆவது பிரிவில் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பம் 42இல், தனியார் உள்ளிட்ட சேவை வழங்குநர்களுக்கான கால வரம்பு 46இல். சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையிலும், அடுத்தடுத்து ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரையிலும் அபராதம் என்கிறது 89ஆவது பிரிவு. எல்லாம் இருந்தும் ஏன் நடக்கவில்லை என்றால், சட்டத்தின் கீழ் 2017இல் வகுத்த விதிகளில் 15ஆவது விதி தரநிலைகளை வெறும் பரிந்துரையாகவே வைத்திருந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாயமான தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. ஐந்தடிச் சாய்தளத்தின் மூலமும் அங்கேதான் இருக்கிறது. கட்டாயம் இல்லாத இடத்தில் கொத்தனார் கண்ணளவுதான் தரம்.

கைமொழி (கோயம்புத்தூர்):

நான் காது கேளாதவள். எனக்குச் சைகைமொழிதான் முதல் மொழி, தமிழ் பள்ளியில் கற்றது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணம் போனவுடன் 1930 என்ற எண்ணை அழையுங்கள், முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம் என்று எல்லா விளம்பரங்களும் சொல்கின்றன. அழைத்து நான் என்ன செய்வது? சென்ற ஆண்டு என் தோழியின் கணக்கிலிருந்து இரவு பத்து மணிக்குப் பணம் எடுக்கப்பட்டபோது, அவள் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பினாள். அக்காவுக்குச் சைகை தெரியாது. தாளில் எழுதிக் காட்டி, அக்கா அழைத்து, "பாதிக்கப்பட்டவரிடம் போனைக் கொடுங்கள்" என்று மறுமுனை கேட்டு, அவளுக்குக் காது கேட்காது என்று அக்கா விளக்கி முடிப்பதற்குள் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. சைபர்கிரைம் இணையதளத்தில் எழுத்திலேயே புகார் பதியலாம் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. காது கேளாதோர் எல்லாரும் அந்த முகவரியைக் கைபேசியில் முன்னதாகவே சேமித்து வையுங்கள்.

காணொளி வழியே கேஒய்சி செய்தபோது, திரையில் தெரியும் எண்ணை உரக்க வாசிக்கச் சொன்னார் மறுமுனையில் இருந்தவர். நான் அந்த எண்ணைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார். துண்டித்ததற்குக் காரணம் "வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை" என்று பிறகு செய்தி வந்தது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். எங்களை ஏமாற்றுகிறவர்கள் எல்லாரும் வெளியாட்கள் அல்லர். சைகைமொழியில் அழகாகப் பேசிக் காணொளி அனுப்பி, நாமெல்லாம் ஒரே சமூகம், இந்தத் திட்டத்தில் பணம் போடுங்கள் என்று சொன்ன ஒருவரை நம்பி எங்கள் குழுவில் பலர் போட்டார்கள். செய்திகளில் வரும் எச்சரிக்கை எதுவும் எங்கள் மொழியில் வருவதில்லை. மோசடிக்காரர்தான் எங்கள் மொழியில் பேசினார். அதனால் அவரை நம்பினோம்.

சேலத்து அம்மா:

எல்லாவற்றையும் படித்தேன். என் மகனுக்கு இருபத்து நான்கு வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. கைபேசியில் என்னைவிடக் கெட்டிக்காரன். கடையில் யுபிஐ வைத்துப் பால் வாங்கி வருவது அவனுக்குப் பெரிய பெருமை.

ஒரு நாள் அவனுடைய வங்கிக் கணக்கு முடக்கப்பட்டுவிட்டது. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அதில்தான் வருகிறது. போய்க் கேட்டால், வெளிமாநிலக் காவல் துறை முடக்கச் சொல்லியிருக்கிறது என்றார்கள். கைபேசி விளையாட்டில் பழக்கமான "அண்ணன்" ஒருவர், உன் கணக்கில் பணம் போடுகிறேன், அதை இந்த எண்ணுக்கு அனுப்பிவிடு, உனக்கு நூறு ரூபாய் என்று சொல்லியிருக்கிறார். இவன் அப்படியே செய்திருக்கிறான், ஏழு முறை. யாரிடமோ திருடிய பணம் என் மகன் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. அந்த எழுநூறு ரூபாயில் எனக்கு ஒரு புடவை வாங்கி ஒளித்து வைத்திருந்தான். பொங்கலுக்குத் தருவதாக இருந்தானாம்.

முடக்கத்தை நீக்க நான்கு மாதம் ஆனது. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனம் பெற்றிருந்ததால் நான் அவனுக்காக எழுதிக்கொடுக்க முடிந்தது. அது இல்லாத பெற்றோர் உடனே விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கைபேசியை அவனிடமிருந்து வாங்கி வைத்துவிட்டேன். வேறு வழி தெரியவில்லை.

மூன்றுசக்கரம் (விருதுநகர்):

அம்மா, வேதனையாக இருக்கிறது. ஆனால் கைபேசியை வாங்கி வைத்ததை மட்டும் ஏற்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் போலியோ வந்து படுத்த காலத்தில், விழுந்துவிடுவேன் என்று என்னைப் பதினோரு வயது வரை வாசல் தாண்ட விடவில்லை. விழாமல்தான் வளர்ந்தேன். ஆனால் ஒன்றும் தெரியாமலும் வளர்ந்தேன். ஏமாந்தவர்களில் படித்தவர்கள், அதிகாரிகள் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்கள் கைபேசியை யாரும் பிடுங்கவில்லையே.

சேலத்து அம்மா:

தம்பி, நீங்கள் சொல்வது புரியாமல் இல்லை. கோபமும் இல்லை. ஆனால் உங்களை வாசலில் விட்டால் உங்கள் கால்தான் அடிபடும். இவனை விட்டால் இவன் மேல் வழக்கு வருகிறது. அவனுக்கென்று தனியாக ஒரு சிறு கணக்கு, நாளொன்றுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் போகாதபடி வரம்பு, உதவித்தொகைக் கணக்கில் யுபிஐ கிடையாது என்று பிரித்து வைக்கலாம் என்று என் அண்ணன் மகள் சொல்கிறாள். அப்படிச் செய்துவிட்டுக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். பால் வாங்கப் போவதை நிறுத்தியதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

மையத்து ஊழியர்:

கணினிக் கடைக்காரர் என்றாலே திருடர் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் கிராமத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான யூடிஐடி விண்ணப்பம், உதவித்தொகை, இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் மனு எல்லாம் என் வழியாகத்தான் போகின்றன. விண்ணப்பிக்கிறவரிடம் மின்னஞ்சல் முகவரி இருக்காது, நான் உருவாக்குவேன். கடவுச்சொல் நினைவிருக்காது, என் நோட்டில் எழுதி வைப்பேன். நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். அறுபத்து மூன்று பேருடைய பெயர், ஆதார் எண், கடவுச்சொல் வரிசையாக இருக்கின்றன. மேசை டிராயருக்குப் பூட்டுக்கூடக் கிடையாது. நான் ஒரு ரூபாய் எடுத்தவனில்லை. ஆனால் அந்த நோட்டு தொலைந்தால் எங்கள் ஊர் மாற்றுத்திறனாளிகள் அத்தனை பேரும் தொலைந்தார்கள்.

இதற்கு மேல், ஸ்கூட்டர் ஒதுக்கீடாகிவிட்டது, பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்று அவர்களுக்கு அழைப்பு வருகிறது. அழைக்கிறவருக்கு விண்ணப்பதாரரின் பெயரும் ஊரும் தெரிந்திருக்கின்றன. பட்டியல் எங்கிருந்தோ கசிகிறது. என் நோட்டிலிருந்து அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் வருகிறவர்கள் என்னைத்தானே பார்க்கிறார்கள்.

ரேகை விழாதவன் (செங்கல்பட்டு):

தொழுநோய் குணமாகி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. விரல் நுனிகள் இல்லை. ரேஷன் கடையில் 2020 அக்டோபரில் கைரேகை இயந்திரம் வந்த பிறகு என் கைக்கு அது பதில் சொன்னதே கிடையாது. "ரேகை விழவில்லை, வீட்டில் வேறு யாராவது வரட்டும்" என்பார்கள். வீட்டில் நான் மட்டும்தான். கருவிழிக் கருவி பிறகு வந்தது. நோய் என் கண்ணையும் விட்டுவைக்கவில்லை.

நமக்குப் பதிலாக ஒருவரை எழுதிக்கொடுத்து வாங்கும் படிவம் உண்டு என்று சொன்னார்கள். கொடுத்தேன். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வருகிறார், நல்ல மனிதர். ஆனால் என் அட்டையும் ஆதாரும் அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் அரிசி, சர்க்கரை வீட்டுக்கே வருகிறது என்று கேட்டபோது மகிழ்ந்தேன். வண்டியில் அதே கைரேகை இயந்திரத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். ரேகை விழாவிட்டாலும் பதிவேட்டில் ஒப்பமிட்டுக் கொடுக்க வந்தவருக்கு மனம் இருந்தது, அதனால் கிடைத்தது. வேறொருவர் வந்தால் எப்படியோ.

ஆதார் பதிவிலேயே விரலோ விழியோ இல்லாதவர்களை விதிவிலக்காகக் குறிக்க இடம் இருக்கிறது. பதியும்போது கேட்டு வாங்குங்கள். எனக்கு அதைச் சொல்ல அன்று ஆள் இல்லை.

மாடிவீட்டுப் பெண்:

பணம் போகாத ஒரு திருட்டைப் பற்றி நான் சொல்கிறேன். எனக்கு முதுகுத்தண்டு பாதிப்பு. பட்டம் வாங்கிய நாளில் சக்கர நாற்காலியில் எடுத்த படத்தை என் பக்கத்தில் போட்டிருந்தேன். யாரோ அதை எடுத்து, "இந்த ஏழைப் பெண்ணின் அறுவை சிகிச்சைக்கு உதவுங்கள்" என்று கீழே ஒரு கியூஆர் குறியீட்டை ஒட்டிப் பரப்பிவிட்டார்கள். என் பெரியப்பாவே அதற்கு ஐந்நூறு ரூபாய் அனுப்பிவிட்டு, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் வருத்தப்பட்டார். பட்டமளிப்பு அங்கி போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறேன், அது யார் கண்ணிலும் படவில்லை. நாற்காலி மட்டும் பட்டிருக்கிறது.

ஆள்மாறாட்டமாகப் படத்தைப் பயன்படுத்தினால் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வகுத்தன. அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் என் புகார் நகர்ந்தது. அதற்கு முன் மூன்று முறை, எங்கள் விதிகளை இது மீறவில்லை என்றே பதில் வந்தது.

வெண்கோல் (தஞ்சாவூர்):

பத்து நாள் இந்தப் பக்கம் வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பணம் போனது தெரிந்த இரவே 1930க்கு அழைத்திருந்ததால் மூன்றாவது தவணையில் ஒரு பகுதி வேறொரு கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. திரும்ப வர நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். கறுப்புக் கோட்டு நண்பர் சொன்னபடி புகாரை மாற்றி எழுதி, சண்டிகரில் உள்ள குறைதீர்ப்பாளர் மையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதியவர் எங்கள் பள்ளித் தமிழாசிரியை. இதிலும் இன்னொருவர் கை வேண்டியிருந்தது, ஆனால் நானே தேர்ந்தெடுத்த கை.

நேற்று மாலை பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள பேசும் ஏடிஎம்முக்குப் போனேன். அப்படி ஒன்று இருப்பது எனக்கே இப்போதுதான் தெரியும். காதுக்கருவியைச் செருகப் பார்த்தால் துளைக்குள் போகவில்லை. விரலால் தடவினேன், குளவி மண் வைத்துக் கூடு கட்டி அடைத்திருந்தது. காவலாளி ஒரு ஊக்கை வாங்கிவந்து குத்திக் குத்திச் சுத்தம் செய்தார். நான்கு வருடமாக அங்கே இருக்கிறாராம், அந்த ஓட்டை எதற்கென்றே அவருக்குத் தெரியாதாம். செருகியதும் இயந்திரம் பேசியது, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். எண் பலகையில் ஐந்தின் மேல் புள்ளி இருந்தது. என் ரகசிய எண்ணை, இந்த ஆண்டில் முதல் முறையாக, என்னைத் தவிர யாரும் அறியாமல் அழுத்தினேன்.

இரண்டாயிரம் ரூபாய் வந்தது. நோட்டுகளைப் பற்றியும் ஒரு குறை உண்டு. பழைய ஐந்நூறு 167 மில்லிமீட்டர் நீளம், பழைய நூறு 157. பத்து மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரல் உடனே சொல்லிவிடும். புதிய ஐந்நூறு 150, இருநூறு 146, நூறு 142. நான்கு மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்க வாசலில் நின்று இரண்டு நிமிடம் ஆகிறது. ஓரத்தில் ஐந்து கோடுகள் புடைத்திருந்தால் ஐந்நூறு என்பது கணக்கு, ஆனால் கசங்கிய தாளில் அவை தேய்ந்துபோகின்றன. "எண்ணித் தரட்டுமா சார்" என்று காவலாளி கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே எண்ணினேன். நான்கும் ஐந்நூறுதான்.

அதே சாலையில் இன்னும் மூன்று இயந்திரங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊக்கோடு போய் அவற்றின் துளைகளையும் பார்த்துவிட்டு, எது பேசுகிறது, எது பேசவில்லை என்று இங்கேயே எழுதுகிறேன். விருதுநகர் நண்பரே, நீங்களும் உங்கள் பக்கத்துச் சாய்தளங்களை நாடா வைத்து அளந்து போடுங்கள். கோவைத் தங்கை, சைகைமொழியில் எச்சரிக்கைக் காணொளி செய்ய எழுத்து ஆக்கம் தேவைப்பட்டால் எங்கள் தமிழாசிரியை உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். மையத்துத் தம்பி, அந்த நோட்டை என்ன செய்தீர்கள்?

மையத்து ஊழியர்:

ஐயா, டிராயருக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். பதினேழு பேரை வரவழைத்து அவரவர் கடவுச்சொல்லை அவரவரே மாற்றும்படி செய்து, நோட்டில் அந்த வரிகளைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். மீதம் நாற்பத்தாறு பேர். அவர்களில் ஒன்பது பேரிடம் சொந்தமாகக் கைபேசி இல்லை. அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள்.